விளக்கு ஒன்றுதான், முகம் வேறு

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் அக்காவுக்கும் தம்பிக்கும், ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கிற டெட்ராய்ட் வட்டாரத் தமிழ்ச் சொந்தங்களுக்கும் என் வணக்கம்.

பழைய அமெரிக்கக் கார்களின் தோற்றத்துக்காக மக்கள் இன்றும் ஏங்குகிறார்களே, அது நியாயமா, வெறும் மயக்கமா? இதுதான் தலைப்பு. நியாயம் என்று வாதாட வந்திருக்கிறேன். மிச்சிகனில் கார் கம்பெனிகளை நம்பி அடுப்பெரிகிற எத்தனையோ தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. கதவும் பானட்டும் எப்படி மடங்கும், எங்கே பொருந்தும் என்று பார்ப்பதுதான் என் வேலை. அதனால் இந்தத் தலைப்பை எனக்குப் பொழுதுபோக்காகப் பேசத் தெரியாது.

எனக்கு முன்னால் பேசிய தம்பி ஒரு வலுவான வாதம் வைத்தார். "இன்றைக்கு எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருக்கிறது என்று புலம்புகிறீர்களே, அதற்குக் காரணம் சட்டமும் காற்றின் எதிர்ப்பும். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கட்டுப்பாடு வந்தால் அழகு போகத்தான் செய்யும்" என்றார். கைதட்டலும் வாங்கினார். அந்தக் கைதட்டலை நான் திருப்பிக் கேட்கப் போகிறேன்.

நடுவர் ஐயா, 1940ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அமெரிக்காவில் முன்விளக்குக்கு ஒரே அளவு வந்தது. சீல்டு பீம் என்பார்கள். ஏழு அங்குல விட்டம், வட்ட வடிவம், பக்கத்துக்கு ஒன்று. பணக்காரர் வாங்குகிற கேடிலாக்குக்கும் அதே விளக்கு, மளிகைக் கடைக்காரர் வாங்குகிற செவர்லேக்கும் அதே விளக்கு. 1957, 58 வாக்கில் நான்கு சின்ன விளக்குகளுக்கு அனுமதி கிடைக்கும் வரை இதுதான் நிலைமை. வண்டியின் கண்ணையே அரசாங்கம் அளந்து கொடுத்துவிட்டது. இதைவிடப் பெரிய கட்டுப்பாடு உண்டா?

அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். 1950 ஸ்டூடிபேக்கருக்கு நடு மூக்கில் விமானத்தின் முனை மாதிரி ஒரு கூம்பு. அதே ஆண்டு பியூக்குக்கு கிரில்லில் தடித்த குரோம் பற்கள், பம்பர் மேலேயே இறங்கி நிற்கும். போண்டியாக்குக்கு பானட்டின் நடுவே ஓடும் வெள்ளிக் கோடுகள், நுனியில் ஒரு பூர்வகுடித் தலைவரின் முகம். பேக்கார்டுக்குத் தோள் நிமிர்ந்த ஒரு கிரில், மேலே சிறகு விரித்த பறவை. 1948 ஹட்சனுக்குள் ஏறக்கூட வேண்டாம், இறங்கித்தான் உட்கார வேண்டும். அவ்வளவு தாழ்வாகத் தரையை அமைத்திருந்தார்கள். விளக்கு ஒன்றுதான், முகம் வேறு வேறு. தெருமுனையில் திரும்பும்போதே இன்ன வண்டி என்று பள்ளிக்கூடப் பையன்கள் பெயர் சொல்வார்கள்.

1983இல் அந்த விளக்குச் சட்டம் தளர்ந்தது. எந்த வடிவத்திலும் முன்விளக்கு செய்யலாம் என்று ஆனது. இன்று எல்.இ.டி. வந்து, ஒரு கோடு போலக்கூட விளக்கை இழுக்கலாம். இத்தனை சுதந்திரம் கிடைத்த பிறகு, மாலில் நிறுத்திய நம் வண்டியை நாமே சாவியை அழுத்தி, சத்தம் வரும் திசையைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறோம். தம்பி, கட்டுப்பாடு அழகைக் கொன்றது என்றால் கட்டுப்பாடு இருந்த காலத்தில் அழகு எப்படி இருந்தது? கட்டுப்பாடு நீங்கிய காலத்தில் எங்கே போனது?

நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றின் எதிர்ப்பு சாம்பல் நிறம்தான் வேண்டும் என்று கேட்டதா? பாதுகாப்புச் சட்டம் வெள்ளை அடி என்று சொன்னதா? வெளியே போய் இந்த அரங்கத்தின் பார்க்கிங்கைப் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, வெள்ளி, சாம்பல். நடுவில் வழி தவறி வந்தது போல ஒரு சிவப்பு. 1950களின் நடுவில் ஒரே வண்டியில் இரண்டு நிறம் சாதாரணம். கடல்நீலமும் தந்தவெள்ளையும், பவளச் சிவப்பும் சாம்பலும். 1955இல் மூன்று நிறம் பூசிய வண்டிகளே வந்தன. அந்த இரண்டு நிறம் சந்திக்கிற இடத்தில் ஒரு குரோம் பட்டை ஓடும். அது எங்கே வளைய வேண்டும், கதவுக்கு மேல் எங்கே இறங்க வேண்டும் என்று யாரோ ஒருவர் நாள்கணக்கில் யோசித்திருப்பார். கதவு வேலை பார்க்கிறவன் சொல்கிறேன், முன்கதவிலிருந்து பின்கதவுக்கு ஒரு கோடு தடம் மாறாமல் போவது லேசான காரியமில்லை. அந்தக் காலத்துத் தகடு அடிக்கும் அச்சுகளோடு அதைச் செய்தவர்கள் நம் மரியாதைக்கு உரியவர்கள்.

இந்த யோசனைக்கு ஒரு தொடக்கம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் குதிரைவண்டிப் பட்டறை வைத்திருந்தவரின் மகன் ஹார்லி ஏர்ல். சினிமாக்காரர்களுக்குத் தனித்தனியாக வண்டி உடல் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவரை ஜெனரல் மோட்டார்ஸ் டெட்ராய்ட்டுக்கு அழைத்தது. அவர் வரைந்த லாசால் என்ற கார் 1927இல் வந்தது. அதே ஆண்டு, வண்டியின் தோற்றத்துக்கென்று ஒரு தனித் துறையையே அவரிடம் கொடுத்தார்கள். அதற்கு முன்பு எஞ்சினியர்கள் அடிச்சட்டம் செய்வார்கள், அதன்மேல் பெட்டியை வைப்பார்கள். ஏர்ல் களிமண்ணை எடுத்து முழு வண்டியையும் உருவமாகப் பிசைந்து பார்த்தார். இன்றும் டெட்ராய்ட் ஸ்டூடியோக்களில் அந்தக் களிமண் போகவில்லை என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற பலருக்குத் தெரியும்.

1941இல் அவரும் அவருடைய ஆட்களும் இங்கே பக்கத்தில், செல்ஃப்ரிட்ஜ் விமானதளத்துக்குப் போய், இரட்டை வால் கொண்ட பி-38 போர் விமானத்தைப் பார்த்தார்கள். ராணுவ ரகசியம், அதனால் தள்ளி நின்றுதான் பார்க்க முடிந்தது. போர் முடிந்து 1948இல் கேடிலாக் வந்தபோது அதன் பின்பக்கம் இரண்டு சின்ன வால் சிறகுகள் எழும்பியிருந்தன. போரிலிருந்து திரும்பிய ஒரு தலைமுறைக்கு, அழிக்கப் பிறந்த ஒன்றின் சாயலைக் குடும்பத்தோடு ஊர் போகிற வண்டியில் வைத்துக் கொடுத்தார்கள். எனக்கு அந்த மாற்றமே பெரிய அழகாகப் படுகிறது.

பிறகு நடந்தது இன்னும் சுவையானது. 1956 கோடை. ஜெனரல் மோட்டார்ஸில் சக் ஜோர்டான் என்ற இளம் வடிவமைப்பாளர் மவுண்டு ரோட்டில் வண்டியோட்டிப் போகிறார். சென்னை மவுண்ட் ரோடு இல்லை, இங்கே நம் வாரன் ஊர் வழியாகப் போகிறதே, அந்த ரோடு. கிரைஸ்லர் கம்பெனியின் வேலிக்குப் பின்னால் அடுத்த ஆண்டு பிளிமத்துகள் வரிசையாக நிற்கின்றன. கிரைஸ்லரின் வடிவமைப்பாளர் வர்ஜில் எக்ஸ்னர் வடித்தவை. தாழ்ந்த கூரை, மெல்லிய தூண்கள், பின்னால் வானத்தைப் பார்த்து எழும் சிறகுகள். ஜோர்டான் திரும்பி ஓடிவந்து மற்றவர்களிடம் சொல்கிறார். ஒவ்வொருவராகப் போய் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வருகிறார்கள். ஏர்ல் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். அவர் வருவதற்குள் 1959க்கு வரைந்து வைத்திருந்ததை எல்லாம் ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பதற்றத்தில் பிறந்ததுதான் 1959 கேடிலாக், சிறகின் நடுவில் இரண்டு சிவப்பு விளக்குக் குண்டுகளோடு இன்றும் படம் போட்ட சட்டையில் திரிகிறதே, அது. போட்டிக் கம்பெனியின் வண்டி அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு ஸ்டூடியோவே தன் வேலையைத் தூக்கிப் போட்டது! அப்படி ஒரு பொறாமையைக் கிளப்புகிற வண்டிக்கு ஏங்கினால் குற்றமா?

எதிரணி அக்கா கேட்டார்: "கேடிலாக் யார் வாங்கினார்கள்? பணக்காரன் அழகுக்கு நீங்கள் ஏன் உருகுகிறீர்கள்?" நல்ல கேள்வி அக்கா. அதற்கு 1957 செவர்லே பெல் ஏரைப் பதிலாகத் தருகிறேன். கேடிலாக் செய்த அதே ஜெனரல் மோட்டார்ஸின் வரிசையிலேயே விலை குறைந்த பிராண்டு செவர்லே. அதன் பெட்ரோல் மூடி எங்கே இருந்தது தெரியுமா? தேடினால் கிடைக்காது. இடது பக்க வால் சிறகின் பின்விளிம்பில் ஒரு குரோம் பட்டை இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே மூடி. பெட்ரோல் ஊற்றும் துவாரம் கண்ணை உறுத்தக்கூடாது என்று மலிவான வண்டிக்கும் ஒருவர் மெனக்கெட்டிருக்கிறார். கேடிலாக்கில் 1941இலேயே பின்விளக்கைத் தூக்கினால் மூடி இருக்கும்படி செய்த அந்தச் சாமர்த்தியம், ஆலைத் தொழிலாளியின் வண்டிக்கும் இறங்கி வந்தது. ஏங்குகிறோம் என்றால் இதற்குத்தான் ஏங்குகிறோம். காசு குறைவாகக் கொடுத்தவருக்கும் கண்ணுக்கு நிறைவாகக் கொடுத்தார்கள்.

வாங்காதவருக்கும் கொடுத்தார்கள். ஆகஸ்டு மாதம் மூன்றாவது சனிக்கிழமை வுட்வர்டு அவென்யூவில் பழைய வண்டிகள் ஊர்வலம் போகிறது, 1995இலிருந்து நடக்கிறது, உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். ஃபெர்ன்டேலிலிருந்து போண்டியாக் ஊர் வரை சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்களில் எத்தனை பேரிடம் பழைய வண்டி இருக்கிறது? தேர் வரும்போது வடம் பிடிக்காதவர்களும் வாசலில் வந்து நிற்பார்கள் இல்லையா, அந்த நிற்பு அது. தெருவில் ஓடும் ஒரு பொருள் ஓட்டுகிறவருக்கு மட்டும் சொந்தமில்லை. ஓட்டுகிறவருக்கு அதன் வெளித்தோற்றம் தெரிவதே இல்லை, அவர் உள்ளே இருக்கிறார். வண்டியின் அழகு நடந்து போகிறவருக்குக் கொடுத்தது.

நடுவர் ஐயா மணியில் கை வைக்கிறார். குற்றச்சாட்டுகளுக்கு வந்துவிடுகிறேன்.

பாதுகாப்பு. அக்கா 2009இல் நடந்த மோதல் சோதனையைச் சொன்னார். 1959 பெல் ஏரையும் 2009 மாலிபுவையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பழைய வண்டிக்குள் உட்கார்ந்திருந்தது மனிதராக இருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய வண்டிக்காரர் காலில் காயத்தோடு தப்பியிருப்பார். உண்மை. ஒரு எழுத்தைக்கூட மறுக்கமாட்டேன். கூர்மையான சிறகு விளிம்பில் மோதி மனிதர்கள் அடிபட்டதை 1965இல் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் எழுதினார், அதுவும் உண்மை. அந்த நெருக்கடி இல்லையென்றால் 1966 பாதுகாப்புச் சட்டம் வந்திருக்காது. அந்தச் சட்டத்தைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அக்கா, அந்த பெல் ஏரில் ஆளைக் கொன்றது எது? மோதினால் மடங்காத ஸ்டியரிங் தண்டு. இல்லாத சீட் பெல்ட். நொறுங்கும் அடிச்சட்டம். மூன்றும் உள்ளே இருக்கிற சங்கதி. மடங்கும் ஸ்டியரிங் தண்டு வந்த பிறகு செய்த 1967 கேடிலாக் எல்டொராடோவைப் பாருங்கள். 1968 டாட்ஜ் சார்ஜரைப் பாருங்கள், இடுப்பு ஒடுங்கி, பின்னால் தோள் புடைத்து நிற்பதை. பாதுகாப்பும் வந்தது, முகமும் இருந்தது. இரண்டையும் ஒரே வண்டியில் வைக்க முடியும் என்று அவர்களே செய்து காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

எரிபொருள், எடை, ஆடம்பரம் என்றார்கள். 1959 கேடிலாக் சுமார் 5,000 பவுண்டு. இன்று வருகிற மின்சார ஹம்மர் 9,000 பவுண்டுக்கு மேல். எடை குறையவில்லை நடுவர் ஐயா, நளினம்தான் குறைந்தது.

அளவு மீறிய அலங்காரம் என்ற பேச்சுக்கு, 1961 லிங்கன் கான்டினென்டலைக் காட்டுகிறேன். எல்வுட் எங்கல் மேற்பார்வையில் வந்தது. முதலில் தண்டர்பேர்டு என்ற இன்னொரு ஃபோர்டு வண்டிக்காக வடித்த உருவம். ஃபோர்டு கம்பெனியின் உயரதிகாரி ராபர்ட் மெக்நமாரா பார்த்துவிட்டு, இதையே லிங்கனாகச் செய்யுங்கள் என்றார். முந்தைய ஆண்டு வண்டியைவிட ஓரடிக்கு மேல் நீளம் குறைத்தார்கள். சிறகு இல்லை, பக்கவாட்டில் குரோம் கோலம் இல்லை. தோளில் ஒரே நேர்கோடு, அதன்மேல் நூல் பிடித்தது போல ஒரு மெல்லிய வெள்ளி விளிம்பு. முன்கதவும் பின்கதவும் எதிரெதிராகத் திறக்கும். சிறகுக் காலம் முடிந்த மறுகணம் இதுவும் அதே டெட்ராய்ட்டில்தான் பிறந்தது. இரண்டையும் ஒருசேர ரசிக்கிறவனை மயக்கத்தில் இருக்கிறான் என்பதா? எனக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் லிங்கனைத்தான் எடுப்பேன், இதையும் சபையில் சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுதோறும் தகட்டை மாற்றி, பழசைத் தூக்கிப் போடவைத்தது அந்த வியாபாரம் என்றார் தம்பி. ஜெனரல் மோட்டார்ஸை நடத்திய ஆல்ஃபிரட் ஸ்லோன் காலத்து உத்தி அது, நானும் அதைப் புகழ வரவில்லை. 1957 கிரைஸ்லர் வண்டிகள் அவசரமாக வந்து சீக்கிரம் துருப்பிடித்தன, அதுவும் தெரியும். கியூபாவின் ஹவானாத் தெருக்களில் ஓடும் பழைய வண்டிகளை என் பக்கத்துச் சாட்சியாக நான் கூப்பிடமாட்டேன். புதியது வர வழியில்லாமல் போனதால் காப்பாற்றப்பட்டவை அவை, அந்த மக்களின் கஷ்டத்தை என் வாதத்துக்கு அலங்காரமாக்க மாட்டேன். இண்டியானாவில் ஆபர்ன் என்ற சிற்றூரைச் சொல்கிறேன். கோர்டு 810 என்ற வண்டி, கோர்டன் பியூரிக் வடித்தது, 1936 மாடல். முன்விளக்குகளை ஃபெண்டருக்குள் ஒளித்து வைத்த வண்டி. அந்தக் கம்பெனி 1937இலேயே முடிந்துபோனது. விற்பனையாளர் இல்லை, விளம்பரம் இல்லை, வாங்குங்கள் என்று சொல்ல ஆள் இல்லை. இருந்தும் அந்த ஊர்க்காரர்கள் 1974இல், கம்பெனியின் பழைய ஷோரூமையே அருங்காட்சியகமாக்கி அந்த வண்டிகளைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். விற்பனைத் தந்திரத்தில் பிறந்த ஆசை, விற்கிறவன் போன பிறகும் இத்தனை காலம் நிற்குமா தம்பி?

கடைசியாக, அக்கா வைத்த கனமான வாதம். "அந்தக் காலத்துக்கு ஏங்குகிறீர்களே, அது யாருக்குப் பொற்காலம்? கறுப்பினத்தவர் எங்கே தங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று பார்த்துக்கொண்டு பயணம் போக 1936 முதல் முப்பது ஆண்டு தனி வழிகாட்டிப் புத்தகம் அச்சான நாடு இது" என்றார். சபை அமைதியானது, ஆகத்தான் வேண்டும். அந்தக் காலத்தை யாரும் திரும்பக் கேட்கக்கூடாது, நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த அழகை அந்தக் காலத்துக்கு எழுதிக் கொடுத்துவிடாதீர்கள் அக்கா. மெக்கின்லி தாம்சன் 1956இல் ஃபோர்டில் சேர்ந்த கறுப்பின வடிவமைப்பாளர். அந்தக் கம்பெனியில் அந்த வேலைக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் அவர். மஸ்டாங்கிலும் பிராங்கோவிலும் அவர் கை இருக்கிறது. அவரிடமிருந்தும் அந்த அழகைப் பிடுங்கிவிடலாமா?

இன்னொருவரைச் சொல்லி முடிக்கிறேன். 1959இல் ஃபிலடெல்ஃபியா கார் கண்காட்சிக்கு எட்டு வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன் பெற்றோரோடு போனான். அங்கே ஏர்லின் ஆட்கள் செய்த கேடிலாக் சைக்ளோன் நின்றிருந்தது. ராக்கெட் மாதிரி உடல், கண்ணாடிக் குமிழ் போட்ட கூரை, முன்பக்கம் இரண்டு கறுப்புக் கூம்புகள். பெரியவனானதும் இந்தக் கம்பெனிக்கு வண்டி வரையப் போகிறேன் என்று அங்கேயே சொன்னான். பதினோரு வயதில், அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று கம்பெனிக்கே கடிதம் எழுதினான். பதில் வந்தது. ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் சிற்பம் படித்தான், 1972இல் அதே ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தான். எட் வெல்பர்ன். 2003இல், ஹார்லி ஏர்ல் உட்கார்ந்த அந்தப் பொறுப்புக்கு வந்தார். 2009இல் செவர்லே கமாரோ திரும்பி வந்ததே, 1969 கமாரோவின் சாயலைத் தோளிலும் நெற்றியிலும் தாங்கிக்கொண்டு, இந்த ஊர் வேலை இழந்து தவித்த அந்த ஆண்டில், அது அவருடைய தலைமையில் வந்தது. எல்லாப் பாதுகாப்புச் சட்டங்களுக்கும் உட்பட்டு, காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, தூரத்தில் வரும்போதே பெயர் சொல்லக்கூடிய முகத்தோடு.

நடுவர் ஐயா, அந்த எட்டு வயதுப் பையனின் ஏக்கத்தை மயக்கம் என்று தீர்ப்பு எழுத உங்களுக்குக் கை வருமா என்று மட்டும் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.